தோற்ற மகிந்தவுக்கு 57 இலட்சம், வென்ற அநுரவுக்கு 56 இலட்சம்: வேறு வேறு ஜனாதிபதித் தேர்தல்களின் வேட்பாளர்களை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி இதுதான். இலங்கையில் 2015 ஜனவரியில் தோற்றுப்போன மகிந்த ராஜபக்ச எடுத்தது 5,768,090 வாக்கு. 2024 செப்டெம்பரில் வென்ற அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் எடுத்தது 5,634,915. அப்படியானால் தோற்ற மகிந்ததான் பலமான வேட்பாளரா?

இரண்டு எண்ணும் சரி. கேள்வியில் உள்ள “அப்படியானால்” மட்டும் பிழை.

இப்படிக் கேட்டால் பலர் உடனே சொல்லும் பதில், “வாக்காளர் தொகை கூடிவிட்டது, அதனால் வாக்கை விட்டு வீதத்தைப் பாருங்கள்” என்பது. இங்கே அது உதவாது. 2015இல் வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் 15,044,490. 2024இல் 17,140,354. ஏறக்குறைய 21 இலட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். இதைக் கணக்கில் எடுத்தால் தராசு இன்னும் மகிந்த பக்கமே சாயும்: அவருக்கு 47.58 வீதம், அநுரவுக்கு 42.31 வீதம்.

விசயம் வேறிடத்தில் இருக்கிறது. 2015இல் முதல் இருவரும் சேர்ந்து எடுத்தது செல்லுபடியான வாக்கில் 98.86 வீதம். அது சுத்தமான இருமுனைப் போட்டி. மைத்திரிபால சிறிசேனவைப் பிடிக்காத ஒருவருக்கு மகிந்தவை விட்டால் போக வேறு இடமில்லை. 2024இல் முதல் இருவரும் சேர்ந்தே 75.07 வீதம்தான். ரணில் விக்கிரமசிங்க 17.27 வீதத்தைக் கொண்டுபோனார். நாமல் ராஜபக்ச 2.57, தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 1.70, மீதி சில்லறை. இருமுனைப் போட்டியில் தோற்றவரின் 47ஐயும் மும்முனைப் போட்டியில் வென்றவரின் 42ஐயும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 47இல் எவ்வளவு அவருக்காக விழுந்தது, எவ்வளவு எதிராளிக்கு எதிராக விழுந்தது என்பது அந்த எண்ணுக்குள் தெரியாது.

ஆகவே வேட்பாளர்களை ஒப்பிடுமுன் பார்க்கவேண்டிய முதல் எண் முதல் இருவரின் கூட்டு வீதம். 1982இல் அது 92 அளவில் இருந்தது. 1988இல் 95, 1994இல் 98, 1999இல் 94, 2005இல் 98.7, 2010இல் 98, 2015இல் 98.9, 2019இல் 94. 2024 மட்டும் 75. எட்டுத் தேர்தல் ஒரு சாதி, ஒன்பதாவது வேறு சாதி. 2024இல் நின்ற யாரையும் பழைய வேட்பாளர் ஒருவரோடு வீதத்துக்கு வீதம் ஒப்பிடும் எந்த வரியையும் இந்த ஒரு காரணத்துக்காகவே சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும்.

அடுத்தது பகுஎண், அதாவது வீதம் காண எந்தத் தொகையால் வகுக்கிறோம் என்பது. நாம் எப்போதும் பார்க்கும் வீதம் செல்லுபடியான வாக்கின் மீது கணக்கிடப்பட்டது. சட்டமும் அதைத்தான் கேட்கிறது: வெல்வதற்குச் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். ஆனால் எத்தனை பேர் வாக்களிக்க வந்தார்கள் என்பதை அந்த வீதம் மறைத்துவிடும். அதே வாக்கை இடாப்பில் உள்ள மொத்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள், வரிசை தலைகீழாகும்.

சந்திரிகா குமாரதுங்க 1994இல் எடுத்த 62.28 வீதம் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை என்பார்கள். இடாப்பின் மீது கணக்கிட்டால் அது 43.0. கோட்டாபய ராஜபக்ச 2019இல் எடுத்தது 52.25 வீதம், இடாப்பின் மீது 43.3. மகிந்தவின் 2010 வெற்றி 57.88 வீதம், இடாப்பின் மீது 42.7. ஜே.ஆர். ஜயவர்தனவின் 1982 வெற்றி 52.91 வீதம், இடாப்பின் மீது 42.4. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் நின்ற நான்கு வெற்றிகளும் ஒரு புள்ளிக்குள் வந்து ஒடுங்குகின்றன. இலங்கையில் ஒரு வேட்பாளர் எட்டக்கூடிய கூரை இடாப்பில் 43 வீதத்துக்குக் கிட்ட இருக்கிறது என்றுதான் இதை வாசிக்கத் தோன்றுகிறது. சந்திரிகாவின் 62ஐ உயர்த்தியதில் எதிர்த்தரப்பின் நிலைமைக்கும் பங்கு உண்டு. ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) வேட்பாளர் காமினி திசாநாயக்க அக்டோபர் 24இல் தொட்டலங்கக் கூட்டத்தில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ஸ்ரீமா அவசரமாக நிறுத்தப்பட்டார். 16 நாளில் வாக்களிப்பு.

மறுமுனையில் ரணசிங்க பிரேமதாச. 1988இல் அவருக்குக் கிடைத்த 50.43 வீதம் இடாப்பின் மீது 27.4தான். தெற்கில் ஜே.வி.பி.யின் (பின்னாளில் அநுர தலைமையேற்ற கட்சி, அன்று ஆயுதக் கிளர்ச்சியில் இருந்தது) மிரட்டல், வடக்கில் போர். வாக்களிப்பு 55 வீதம். அதிலும் பாதிக் கோட்டை அவர் தாண்டியது 21,810 வாக்கால். அதற்காக பிரேமதாச பலவீனமான வேட்பாளர் என்று முடிவுகட்டுவதும் தவறு. வாக்குச்சாவடிக்குப் போனால் உயிர் போகும் என்ற ஊரில் எண்ணியதை மற்ற ஆண்டுகளின் எண்ணோடு ஒப்பிட வழியே இல்லை. 1988ஐ எந்த ஒப்பீட்டிலிருந்தும் தனியே எடுத்து வைப்பதுதான் நேர்மை.

இடாப்புக் கணக்குக்கும் ஒரு நோய் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு அங்கிருந்து வாக்களிக்க வசதி இல்லை. ஆனால் ஊர் இடாப்பில் பெயர் இருக்கலாம். போர்க்காலத்து யாழ்ப்பாண இடாப்பில் இது முற்றிப்போயிருந்தது. யாழ் தேர்தல் மாவட்டத்தில் 2010இல் பதிவானவர்கள் 7 இலட்சத்து 21 ஆயிரம். 2015இல் 5 இலட்சத்து 29 ஆயிரம். ஐந்து ஆண்டில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் காகிதத்திலிருந்து மறைந்தார்கள். இடம்பெயர்ந்தவர்கள், புலம்பெயர்ந்தவர்கள், இறந்தவர்கள் என்று நீண்ட காலம் கழிக்கப்படாத பெயர்கள். 2010இல் யாழில் 26 வீதம் வாக்களிப்பு, 2015இல் 66 வீதம் என்று சொல்லும்போது அந்தப் பாய்ச்சலில் ஒரு பங்கு இடாப்புச் சுத்திகரிப்பு. ஆகவே இடாப்பின் மீதான வீதத்தை நாடு முழுவதற்கும் பயன்படுத்துங்கள்; வடக்கில் 2015க்கு முன்னுள்ள ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும்போது கை நடுங்க வேண்டும்.

இனி 2024இன் தனிப் பொறி. அநுர 55.89 வீதத்தால் வென்றார், கோட்டாபயவின் 52.25ஐவிட அதிகம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 55.89 எங்கிருந்து வந்தது என்பதைப் படிப்படியாகப் பாருங்கள்.

செல்லுபடியான வாக்கு 13,319,616. யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. சட்டப்படி முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்கினார்கள். நீக்கப்பட்டவர்களின் வாக்குச்சீட்டுகள் 3,321,666. அந்தச் சீட்டுகளில் இரண்டாவது அல்லது மூன்றாவது விருப்பாக அநுரவையோ இரண்டாமிடத்திலிருந்த சஜித் பிரேமதாசவையோ குறித்திருந்தால் மட்டுமே அது அவர்களின் கணக்கில் சேரும். அநுரவுக்குச் சேர்ந்தது 105,264. சஜித்துக்கு 167,867. மொத்தம் 273,131. அதாவது நீக்கப்பட்ட சீட்டில் நூற்றுக்கு எட்டுதான் பயன்பட்டது என்று சொல்லலாம், துல்லியமாக 8.2 வீதம். மற்றவர்கள் ஒரு புள்ளடியோ ஒரு “1”ஓ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அல்லது முதல் இருவரில் எவரையும் விரும்பவில்லை. மீதி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் பகுஎண்ணிலிருந்தே விழுந்துவிட்டன. 5,740,179ஐ 10,271,081ஆல் வகுத்தால் 55.89. அதே 5,740,179ஐ எல்லாச் செல்லுபடியான வாக்காலும் வகுத்தால் 43.1. கோட்டாபயவின் 52.25க்கு எதிரே வைக்கவேண்டியது இந்த 43.1 அல்லது முதல் எண்ணிக்கையின் 42.31. 55.89 அல்ல.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: விருப்பு வாக்கில் முந்தியவர் சஜித். ரணிலுக்குப் போட்டவர்களில் இரண்டாவது விருப்பைக் குறித்தவர்கள் சஜித் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் 13 இலட்ச இடைவெளியை நிரப்ப 62 ஆயிரம் முந்தல் எந்த மூலைக்கு? 2024இல் நிராகரிக்கப்பட்ட வாக்கும் 300,300 ஆக ஏறியது. 2019இல் அது 135,452. மூன்று இலட்சம் என்றால் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் முழு இடாப்புக்குச் சமம்.

வேட்பாளரின் சொந்தப் பலத்தை அளக்க ஆசைப்பட்டால் ஒரே ஆளை இரண்டு தேர்தலில் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். ஆள் மாறவில்லை, காலம் மாறியிருக்கிறது. அநுர 2019இல் எடுத்தது 418,553, 3.16 வீதம். 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3 வாக்கு. இரண்டு ஆண்டு கழித்து 56 இலட்சம். அதே மனிதர், அதே திசைகாட்டிச் சின்னம், பேச்சும் பெரிதாக மாறவில்லை. 13 மடங்கு பெருக்கத்தை “வேட்பாளரின் கவர்ச்சி” என்று விளக்கினால், அந்தக் கவர்ச்சி 2019இல் எங்கே போயிருந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இடையில் நடந்தது நாட்டின் கடன் முறிவு, எரிவாயு வரிசை, அறகலய என்ற மக்கள் போராட்டம், கோட்டாபயவின் வெளியேற்றம். பழைய இரு முகாம்களையும் விட்டு வெளியேறியவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. அந்தக் கதவில் நின்றவர் அவர்.

மகிந்தவின் கணக்கு இதற்கு நேர் எதிர். 2010இல் 6,015,934, 2015இல் 5,768,090. 247,844 வாக்குக் குறைந்தது, வெறும் 4 வீதம். ஆனால் பங்கு 57.88இலிருந்து 47.58க்கு, பத்துப் புள்ளி விழுந்தது. காரணம் செல்லுபடியான வாக்கு 1,729,839 கூடியது. எதிர்த்தரப்பின் மொத்தமோ 2010இல் சரத் பொன்சேகா எடுத்ததைவிட 2,043,977 கூடியது. “மக்கள் மகிந்தவைக் கைவிட்டார்கள்” என்பதைவிட “முன்பு வராதவர்கள் வந்தார்கள், புதிதாகப் பதிவானவர்கள் மறுபக்கம் போனார்கள்” என்பது எண்ணுக்கு நெருக்கமான வாசிப்பு. உள்ளுக்குள் ஆட்கள் இடம்மாறியிருக்கவும் கூடும். மொத்த எண் அதைக் காட்டாது. ஆனாலும் விழுந்தது வீதமா வாக்கா என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு வேட்பாளரின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசக்கூடாது.

இன்னும் நல்ல சோதனை ஒன்று உண்டு. இதை ஏன் அதிகம் பேர் எடுத்துப் பார்ப்பதில்லை என்று தெரியவில்லை. 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால, 2019இல் சஜித் மூவரும் ஒரே அன்னம் சின்னத்தில் நின்றார்கள். மூவருக்கும் பின்னால் முதுகெலும்பாக ஐ.தே.க. வாக்கு. மூவருக்கும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆதரவு. மூவருக்கும் எதிரே ஒரு ராஜபக்ச. ஆளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பிடித்து வைத்த பரிசோதனை போன்றது. முழுதாக அல்ல, ஆனால் நமக்குக் கிடைத்ததில் இதுதான் கிட்டத்தட்ட.

நாடளாவிய எண்: பொன்சேகா 4,173,185, 40.15 வீதம். மைத்திரி 6,217,162, 51.28 வீதம். சஜித் 5,564,239, 41.99 வீதம். வாக்கை மட்டும் பார்த்தால் சஜித் பொன்சேகாவைவிட 14 இலட்சம் மேலே. வீதத்தில் இரண்டு புள்ளிகூட இல்லை.

இப்போது யாழ் தேர்தல் மாவட்டம். பொன்சேகா 113,877, 63.84 வீதம். மைத்திரி 253,574, 74.42 வீதம். சஜித் 312,722, 83.86 வீதம். இங்கே அன்னம் ஒவ்வொரு தடவையும் மேலே போகிறது. நாட்டில் 2015க்குப் பிறகு ஒன்பது புள்ளி விழுந்த அதே சின்னம் யாழில் ஒன்பது புள்ளி ஏறியது. போர் முடிந்த எட்டாவது மாதம், போரை நடத்திய இராணுவத் தளபதிக்கு யாழ்ப்பாணம் 64 வீதம் கொடுத்ததை வேட்பாளர் மீதான அன்பாக வாசிக்க யாராலும் முடியாது. வடக்கில் இந்த மூன்று தேர்தலிலும் அளக்கப்பட்டது எதிரே நின்ற பெயர். 2019இல் அந்தப் பெயர் கோட்டாபய. அவருக்கு யாழில் கிடைத்தது 6.24 வீதம். ஆகவே சஜித்தின் 84ஐ சஜித்தின் செல்வாக்கு என்று எழுதி வைத்தவர்களுக்கு 2024 அதிர்ச்சியாக இருந்திருக்கும்: 121,177, 32.60 வீதம். ராஜபக்ச எதிரே பொருட்டாக இல்லை, அரியநேத்திரனும் ரணிலும் களத்தில் இருந்தார்கள், வாக்கு மூன்றாகப் பிரிந்தது. சஜித் நாடு முழுவதும் இழந்த 12 இலட்சத்தில் 191,545 யாழ் மாவட்டத்தில் மட்டும் போனது.

அப்படியானால் வேட்பாளரின் சொந்தப் பலம் எங்கே தெரியும்? சொந்த மாவட்டத்தில். செய்முறை எளிது. சின்னம் நாடு முழுவதும் எத்தனை புள்ளி ஏறியது அல்லது இறங்கியது என்று எடுங்கள். வேட்பாளரின் மாவட்டத்தில் எத்தனை புள்ளி என்று எடுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். மிஞ்சுவது, தோராயமாக, அவருடையது.

மைத்திரியின் பொலன்னறுவை: அன்னத்துக்கு 2010இல் 34 வீதம் அளவில், 2015இல் 58 அளவில், 2019இல் 40 அளவில். 2010க்கும் 2015க்கும் இடையில் நாட்டில் ஏற்றம் 11 புள்ளி, பொலன்னறுவையில் 24. மிச்சம் 13 புள்ளி. அவர் போனதும் 2019இல் நாட்டில் இறக்கம் 9, பொலன்னறுவையில் 17. வந்தபோது வந்ததில் பெரும்பகுதி அவரோடு போய்விட்டது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதால் இது நம்பத்தக்க அளவு.

சஜித்தின் அம்பாந்தோட்டை: அன்னத்துக்கு 2010இல் 31, 2015இல் 36, 2019இல் 26. சஜித் அந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இரண்டு தசாப்தம் இருந்தவர். 2015க்கும் 2019க்கும் இடையில் நாட்டில் இறக்கம் 9, அங்கே 10. மிச்சம் எதுவும் இல்லை. இருந்தால் கழித்தல் ஒன்று. இதற்கு ஒரு சமாதானம் உண்டு: அம்பாந்தோட்டை ராஜபக்சக்களின் கோட்டை, எதிராளிக்கும் அது சொந்த ஊர். ஆனால் அந்தச் சமாதானம் முழுதாகச் செல்லாது. 2015இல் எதிரே நின்ற மகிந்தவும் அதே ஊர்தான், பொலன்னறுவைக்காரரான மைத்திரிக்கு அங்கே 36 கிடைத்தது. 2015 மைத்திரிக்கும் 2019 சஜித்துக்கும் இடையில் யார் மேலான வேட்பாளர் என்று கேட்டால் என் பதில் மைத்திரி. காரணம் வெற்றியல்ல, இந்தக் கழித்தல் கணக்கு.

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். 2010இல் ஜே.வி.பி. பொன்சேகாவை ஆதரித்தது, 2015இல் வேட்பாளர் நிறுத்தாமல் மகிந்தவைத் தோற்கடிக்கச் சொன்னது. 2019இல் அநுர தனியே நின்று 3.16 எடுத்தார். சஜித்தின் ஒன்பது புள்ளி இறக்கத்தில் மூன்று புள்ளியளவு இந்தக் கதவால் போனது என்று வைத்துக்கொள்ளலாம். எந்த இரு தேர்தலை ஒப்பிட்டாலும் மூன்றாம் தரப்பு அந்த ஆண்டு எங்கே நின்றது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜே.வி.பி. தனியே நின்றது 1982 (4.19), 1999 (4.08), 2019, 2024. 1994இல் தன் வேட்பாளரை விலக்கிச் சந்திரிகாவை ஆதரித்தது, 2005இல் மகிந்தவை.

தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் ஒப்பீடு ஒன்று: 1982இல் நின்ற குமார் பொன்னம்பலமா, 2024இல் நின்ற அரியநேத்திரனா? நாடளாவிய எண்ணில் 173,934க்கு எதிராக 226,343. வீதத்தில் 2.67க்கு எதிராக 1.70. யாழ் தேர்தல் மாவட்டத்தில் குமார் 87,263 வாக்கோடு, 40.03 வீதத்தோடு முதலிடம். அரியநேத்திரன் 116,688 வாக்கோடு, 31.39 வீதத்தோடு, சஜித்துக்கு 4,489 வாக்குப் பின்னால் இரண்டாமிடம். முதலிடம், 40 வீதம் என்றவுடன் குமார்தான் மேல் என்று தோன்றும். இடாப்பைக் கொண்டு வந்தால் படம் மாறும். 1982இல் யாழில் வாக்களித்தவர்கள் 46 வீதம்தான். அன்று பெரிய தமிழ்க் கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவே இல்லை. பதிவான சுமார் 4 இலட்சத்து 93 ஆயிரத்தில் குமாருக்கு 17.7 வீதம். 2024இல் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். பதிவான 593,187இல் அரியநேத்திரனுக்கு 19.7 வீதம். அதுவும் தமிழரசுக் கட்சி தன் சொந்த உறுப்பினரான அவரை விட்டுச் சஜித்தை ஆதரித்த தேர்தலில். இன்னும் ஒரு சுவையான ஒற்றுமை: இருவருக்கும் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதி யாழ் மாவட்டத்தில், பாதி அதற்கு வெளியே.

1982 யாழ் முடிவில் கவனிக்க மறந்துவிடுவது இரண்டாமிடம். சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ 77,300 வாக்கு, 35 வீதம். 1970களில் அவர் விவசாய அமைச்சராக இருந்தபோது மிளகாய், வெங்காய இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது; 1977க்குப் பின் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட விலை விழுந்தது. அந்த 35ஐ விளங்க மேடைப் பேச்சைவிட வெங்காய விலை உதவும். கொப்பேகடுவ நின்றதே கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980இல் பறிக்கப்பட்டதால்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜே.ஆரின் 52.91 மாற்று வேட்பாளர் ஒருவரை எதிர்த்து எடுத்த எண்.

மாவட்ட எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது வீண். 2010இல் மகிந்த 22 தேர்தல் மாவட்டத்தில் 16, 2019இல் கோட்டாபய 16, 2024இல் அநுர 15 என்று எண்ணலாம். 2015இல் பதுளை சில நூறு வாக்கால் மைத்திரி பக்கம் விழுந்தது; அதுவும் ஒரு மாவட்டமாகத்தான் எண்ணப்படும். கம்பகா இடாப்பில் வன்னியைப் போல ஆறு மடங்கு பேர். அமெரிக்காவில் மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர் என்று கொடுப்பதுபோல இங்கே மாவட்டத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை.

ஆழமாகப் போக விரும்பினால் 160 தேர்தல் தொகுதி முடிவுகளை எடுங்கள், ஆனால் தபால் வாக்கு அவற்றில் சேராது, மாவட்டத்துக்கு ஒரே வரியாகத் தனியே இருக்கும். அரச ஊழியரும் படையினரும் பொலிஸாரும் அதற்குள். தொகுதிகளைக் கூட்டினால் மாவட்ட மொத்தம் வராமல் விழிப்பது இதனால்தான். போர்க்கால, போருக்குப் பின்னான சில முடிவுகளில் இடம்பெயர்ந்தோர் வாக்கும் தனி வரி.

கடைசியாக, எல்லா ஒப்பீட்டிலும் வந்து நிற்கும் 2005. விடுதலைப் புலிகள் திணித்த புறக்கணிப்பு இல்லாமல் யாழ்ப்பாணம் வாக்களித்திருந்தால் ரணில் ஜனாதிபதி என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். மகிந்த 4,887,152. ரணில் 4,706,366. வித்தியாசம் 180,786. யாழில் பதிவானவர் 701,938, வாக்களித்தவர் ஒரு வீதத்துக்குச் சற்று மேல். அது ஊதிப்பெருத்த இடாப்பு என்பதை முன்பே பார்த்தோம்.

ரணிலுக்கு நூற்றுக்கு 80, மகிந்தவுக்கு 20 என்று கூடுதல் வாக்கு விழுந்திருந்தால் மகிந்தவை முந்த 301,310க்கு மேல் கூடுதல் வாக்கு வேண்டும். ஆனால் முந்துவது வேறு, பாதியைத் தாண்டுவது வேறு. செல்லுபடியான 9,717,039 வாக்கில் பாதியும் கூடுதல் வாக்கில் பாதியும் தாண்ட 507,180 அளவில் வேண்டும். 80 என்பது தாராளமான ஊகம். அன்று யாழில் விழுந்த சொற்ப வாக்கில் ரணிலுக்குக் கிடைத்த 70 வீதத்தையே எடுத்தால் முந்த 451,965, பாதியைத் தாண்ட 760,770. யாழ் இடாப்பு முழுவதும் திரண்டு வந்தாலும் போதாது. வன்னியும் மட்டக்களப்பும் சேர வேண்டும்.

அதேவேளை மகிந்தவும் பாதிக் கோட்டை 28,632 வாக்கால் மட்டுமே தாண்டியிருந்தார். அந்த 80-20 கணக்கில் கூடுதலாக 95,450 வாக்கு விழுந்திருந்தால் அவர் 50 வீதத்துக்குக் கீழே போயிருப்பார், ரணிலும் முந்தியிருக்க மாட்டார். இலங்கையின் முதல் இரண்டாம் எண்ணிக்கை 2024வரை காத்திருக்காமல் 2005 நவம்பரிலேயே நடந்திருக்கும். மீதிப் பதினொரு வேட்பாளர்களுக்கு விழுந்த 123,521 சீட்டில் யார் “2” போட்டிருந்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.